ஞானப்பல்: அறிந்துகொள்ளலும் ஆவன செய்தலும்



"பல் போனால் சொல் போகும்" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பல் வந்தாலும் சொல் போவதுண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது மடவளையில், என் மாணவன் ஒருவனிடத்திலாகும்.

அவன் உயர்தர வகுப்பு மாணவன். பரீட்சைக்கு மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன. வகுப்பில் முதலாவதாக எழுந்து விடை சொல்லும் அப்பிள்ளை இரண்டு நாட்களாக வாய் திறவாது கன்னத்தில் கை வைத்தபடி அமர்ந்திருந்தான். அழைத்து விசாரித்தேன். "காது குத்துகிறது, சேர்" என்றான். வலிநிவாரணி மாத்திரை இரண்டைக் கொடுத்து, "சோதினை முடியட்டும், மகன், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தேற்றி அனுப்பினேன். நான்கு நாட்களில் வலி தணிந்தது. நானும் நிம்மதியடைந்தேன். பரீட்சை தொடங்கும் வாரத்தில் அவனுடைய கன்னம் வீங்கிற்று, காய்ச்சல் கண்டது, எச்சிலை விழுங்கவும் இயலாத நிலை வந்தது. பெற்றோர் இரவோடிரவாக வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றமையால் ஆபத்து நீங்கியது. ஆயினும் பரீட்சை போயிற்று. ஓராண்டு காத்திருந்தே அதனை மீண்டும் எழுதினான்.

நோய் காதில் இருக்கவில்லை. கீழ்த்தாடையின் கோடியில், முளைத்து மேலெழ இடமின்றிச் சாய்ந்து கிடந்த ஞானப்பல்லே அத்தனைக்கும் காரணம். நான் வைத்தியன் அல்லன். கலைப் பட்டதாரியான ஓர் ஆசிரியன். எனினும், அன்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையின் விலையை ஒரு பிள்ளை செலுத்த நேர்ந்தமையால், இப்பொருளைப் பற்றி அறிந்தோரிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெளிந்துகொண்டேன். அத்தெளிவையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். மனிதனுக்கு அறிவு முதிரும் பருவத்தில் தோன்றுவதால் இதனை ஞானப்பல் என்றும் அறிவுப்பல் என்றும் அழைக்கிறோம். அரபு மொழியிலும் இதன் பெயர் 'ளிர்சுல் அக்ல்', அதாவது அறிவின் கடைவாய்ப்பல் என்பதே. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் இதே கருத்துள்ள பெயரே வழங்குகிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், விலங்குகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில், மனிதனின் கடைசிப் பற்கள் இருபது வயதளவில் வருகின்றன என்றும், எண்பது வயதைக் கடந்த பெண்களுக்கும் இப்பல் மிகுந்த வேதனையோடு வெளிவந்ததுண்டு என்றும் குறிப்பிட்டுள்ளார். ஆகவே, இத்தொல்லை நம் காலத்தில் புதிதாக வந்ததன்று.

வளர்ந்த ஒருவருக்குப் பற்கள் 32. அவற்றுள் கடைவாய்ப்பற்கள் ஒவ்வொரு புறத்திலும் மேலும் கீழுமாக மும்மூன்று, ஆகப் 12. முதற் கடைவாய்ப்பல் ஏறத்தாழ 6 வயதில் வருகிறது. இரண்டாவது 12 வயதில் வருகிறது. மூன்றாவதாகிய ஞானப்பல் 17 முதல் 25 வயதுவரையிலான காலத்தில் வருகிறது. ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று வாய்பாடு போல நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஞானப்பற்கள் நான்கும் எல்லோருக்கும் உண்டு என்றும் எண்ணலாகாது. ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அவற்றுள் ஒன்றேனும் உருவாவதேயில்லை. அஃது ஒரு குறைபாடும் அன்று.

மற்றப் பற்களுக்கு இல்லாத இடர் இதற்கு மட்டும் ஏன்? கடைசியாக வருவதே காரணம். பஸ் வண்டியில் ஆசனங்கள் யாவும் நிரம்பிய பின்னர் ஏறுபவனுடைய நிலைமையே இதனுடையது. முன்னே வந்தவை தாடையில் இடம் பிடித்துக்கொண்டன. எஞ்சியிருக்கும் இடம் போதுமானால் ஞானப்பல் நேராக எழுந்து தன் வரிசையில் நிற்கும். போதாதாயின் பாதி வெளிவந்து நின்றுவிடும்; அல்லது எலும்பினுள்ளேயே தங்கிவிடும். இவ்வாறு தடையுண்டு நிற்கும் பல்லையே வைத்தியர்கள் புதைந்த பல் என்கின்றனர். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் புதைந்த ஞானப்பல் ஒன்றேனும் உண்டு எனக் கணித்துள்ளனர். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையிலேயே இது மிகுதி.

இடம் குறைந்தமைக்கு அறிஞர் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. நமது நாட்டில் பத்தாயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் குகைகளில் வாழ்ந்த மக்களைப் 'பலாங்கொடை மனிதர்' என ஆய்வாளர் அழைக்கின்றனர். குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென, கித்துல்கலையிலுள்ள பெலிலென முதலிய குகைகளில் அவர்களுடைய எலும்புகள் கிடைத்துள்ளன. அவர்களுடைய தாடைகள் கனத்தவை, பற்கள் பெரியவை. காட்டு விலங்கின் இறைச்சியையும், கொட்டைகளையும், கிழங்குகளையும் மென்று தின்றவர்களுடைய தாடை அவ்வாறிருந்ததில் வியப்பில்லை. சிறுவயது முதல் நன்றாக மெல்லும் வேலை கொடுக்கப்படும் தாடை நன்கு வளர்கிறது. நாமோ குழைய வடித்த சோற்றையும், பாணையும், தேநீரில் தோய்த்த பிஸ்கட்டையும் உண்டு வளர்கிறோம். பல்லின் அளவு பெரும்பாலும் பரம்பரையால் அமைகிறது. தாடையின் வளர்ச்சியோ உழைப்பையும் வேண்டி நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நேர்ந்த பொருத்தமின்மையின் சுமையைக் கடைசிப் பல் தாங்குகிறது. ஆகவே, ஞானப்பல் தொல்லை யாருடைய பாவமும் அன்று; கண்ணூறும் அன்று; பல்லில் புழு விழுந்ததும் அன்று.

புதைந்த பல் நான்கு நிலைகளில் கிடக்கக் காணலாம். முன்னுள்ள பல்லின்மீது சாய்ந்து நிற்பது ஒன்று. மிகுதியாகக் காணப்படுவது இதுவே. நேராக நின்றும் மேலெழ முடியாதிருப்பது இரண்டாவது. பின்புறமாகச் சாய்ந்திருப்பது மூன்றாவது. படுக்கையாகக் கிடந்து முன்பல்லின் வேரை நோக்கி நிற்பது நான்காவது. 1926 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் வைத்தியர் ஜோர்ஜ் வின்டர் வகுத்த இப்பாகுபாட்டைத் தழுவியே இன்றும் வைத்தியர்கள் பேசுகின்றனர். எந்த நிலையில் கிடக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லுதல் அரிது. எக்ஸ்றே படமே அதனைத் தெளிவாகக் காட்டும்.

இனி, இத்தொல்லையை அறிந்துகொள்வது எப்படி என்பதைக் காண்போம்.

முழுவதும் எலும்பினுள் புதைந்த பல் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். தொல்லை தருவது பாதி வெளிவந்த பல்லேயாகும். அதன் தலையின் ஒரு பகுதியை முரசு ஒரு மடல் போல மூடிக்கொண்டிருக்கும். அம்மடலுக்கும் பல்லுக்கும் இடையே ஒரு பை உண்டாகிறது. உண்ணும் உணவின் துணுக்குகள் அதனுள்ளே புகுகின்றன. பல் தூரிகை அங்கே எட்டுவதில்லை. காற்றில்லாத இடத்தில் செழிக்கும் கிருமிகள் அங்கே பெருகி முரசை அழற்சியுறச் செய்கின்றன. வீங்கிய முரசின்மீது மேல்தாடையின் எதிர்ப்பல் கடிக்கவே, புண் மேலும் மோசமாகிறது.

இதன் அறிகுறிகளாவன: கடைவாயின் கோடியில் வலி, தொட்டால் நோகும் சிவந்த முரசு, வாயில் கெட்ட சுவையும் துர்நாற்றமும், மெல்லும்போது வேதனை, தாடையின் கீழே நெறி கட்டுதல், வாயை முழுமையாகத் திறக்க இயலாமை. வலி காதுக்கும், நெற்றிப்பொட்டுக்கும், தொண்டைக்கும் பரவுவதுண்டு. தாடைக்கும் காதுப் பகுதிக்கும் உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்புகள் ஒரே அடிமரத்தின் கிளைகளாதலால், பல்லின் வலியைக் காதின் வலியென மூளை மயங்குகிறது. காதிலே மருந்து விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் காலங்கழிப்போர் பலர். என் மாணவனும் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே காதுதான் குத்தியது. 17 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் காது வலி என்று சொன்னால், கடைவாயையும் ஒருமுறை கண்ணாடியில் பார்க்கச் சொல்லுதல் நன்று.

இங்கே நான் வற்புறுத்திக் கூற விரும்புவது ஒன்றுண்டு. இவ்வலி தானாகத் தணியும் இயல்புடையது. நாலைந்து நாட்கள் வருத்திவிட்டு ஓய்ந்துவிடும். ஓய்ந்ததும், நோய் தீர்ந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் மடலும் பையும் அவ்விடத்திலேயே இருக்கின்றன. சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி திரும்பி வருகிறது. வலி தணிதல் வேறு. நோய் தீர்தல் வேறு. இவ்வேறுபாட்டை நான் அறியாதிருந்தமையே என் பிழைக்குக் காரணமாயிற்று. வலி தணிந்திருக்கும் அந்தச் சில நாட்களே பல் வைத்தியரைக் காண்பதற்கு மிகச் சிறந்த காலமாகும்.

காலந்தாழ்த்தலாகாத அறிகுறிகள் சிலவும் உண்டு. முகத்திலோ தாடையின் கீழோ வீக்கம் பரவுதல், காய்ச்சலும் நடுக்கமும், எச்சில் விழுங்க இயலாமை, நாக்கு மேலே தள்ளப்பட்டது போன்ற உணர்வு, குரல் மாறுதல், மூச்செடுக்கச் சிரமம். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அது பல்வலி அன்று, உயிராபத்து. கீழ்த்தாடைப் பல்லின் சீழ் நாக்கின் அடிப்பாகத்துக்கும் கழுத்துக்கும் பரவி மூச்சுப் பாதையை அடைத்துவிடக் கூடும். இக்கொடிய நிலையை 1836 ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் லுட்விக் விவரித்தார்; இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அத்தகைய வேளையில், விடியட்டும் என்றோ, பல் வைத்தியர் வரட்டும் என்றோ காத்திராமல், அண்மையிலுள்ள பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்லல் வேண்டும்.

அவ்வளவு கடுமையில்லாத வலிக்கு, வைத்தியரைக் காணும்வரை வீட்டிலே செய்யத்தக்கவை எவை? ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவின் பின்னும் படுக்கைக்குப் போகுமுன்னும் கடைவாய்ப் பக்கமாக வைத்துக் கொப்புளித்தல் வேண்டும். நோகிறதென்று அவ்விடத்தைத் துலக்காமல் விடலாகாது. சிறிய தலையுள்ள மென்மையான தூரிகையால் மெதுவாகத் துலக்குதல் வேண்டும். வலிக்குப் பரசிற்றமோல் போதுமானது. வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரையில் ஒரு வேளைக்கு இரண்டு வீதம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேற்படாமல் உட்கொள்ளலாம். ஈரல் நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ளல் வேண்டும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால், அஸ்பிரின், இபுபுரோபென் போன்றவற்றைத் தாமாக எடுத்தல் தகாது. டெங்கு வழங்கும் நம் பிரதேசத்தில் அவை குருதிப் பெருக்கை உண்டாக்கி ஆபத்தை விளைவிக்கக் கூடும்.

செய்யத்தகாதவற்றையும் சொல்ல வேண்டும். அஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து முரசில் வைப்போர் உளர். அது முரசைச் சுட்டுப் புண்ணாக்கும். வீங்கிய கன்னத்தின்மேல் வெளியிலிருந்து சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் கூடாது. உள்ளேயுள்ள சீழ் வெளித்தோலை நோக்கி வழிதேட அது இடமளிக்கும். புகையிலைத் துண்டை வைத்து வலியை மரக்கச் செய்தலும், மண்ணெண்ணெய் தடவுதலும் பெருந்தீங்கு. நமது தோட்டங்களில் விளையும் கராம்பு சற்று வேறு. அதிலுள்ள எண்ணெய் வலியை மரக்கச் செய்வது உண்மை. பல் வைத்தியர்களும் அதனைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் கராம்பு வலியை மறைக்குமேயன்றிப் பையிலுள்ள அழுக்கை அகற்றாது. எண்ணெயை நீர்க்காமல் மிகுதியாகத் தடவினால் முரசும் வெந்துவிடும். முன்னொருகால் மிஞ்சிய நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளை எடுத்து விழுங்குவதும் தவறு. கிருமி பரவிய அடையாளம் இருந்தாலன்றி வைத்தியர்கள் அவற்றைக் கொடுப்பதில்லை. மடலின் கீழ் கழுவிச் சுத்தம் செய்வதே முதற் சிகிச்சை.

இவ்விடத்தில் வெற்றிலை போடும் வழக்கமுள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாய் திறக்க முடியாமை எப்போதும் ஞானப்பல்லின் வேலை என்று நினைத்துவிடலாகாது. ஞானப்பல்லினால் வரும் வாய்ப்பூட்டு, வலியோடும் வீக்கத்தோடும் ஒரு புறத்தில், சில நாட்களுக்குள் வருவது. பாக்கு மெல்வதனால் வரும் வாய்ப்பூட்டோ, வலியின்றி, மாதக்கணக்கில், இரு புறத்திலும் சிறிது சிறிதாக இறுகுவது. உறைப்பான கறி பட்டதும் வாய் எரிதல், கன்னத்தின் உட்புறம் வெளிறி நார் போல விறைத்தல் ஆகியன அதன் அடையாளங்கள். பிற்காலத்தில் புற்றுநோயாக மாறத்தக்க நிலை அது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்குமென 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்பதையும் நாம் மறத்தலாகாது. எளிய சோதனை ஒன்றுண்டு: உங்களுடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, முன்பற்களின் இடையே செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையாவிடின் காரணத்தைப் பல் வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணையும், வெள்ளை அல்லது சிவப்புப் படலத்தையும் ஞானப்பல் கீறிய புண் என்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது.

இனிப் பல் வைத்தியர் என்ன செய்வார் என்பதைப் பார்ப்போம். புதைந்த பல் என்றவுடன் பிடுங்கியே ஆகவேண்டும் என்பது பலருடைய எண்ணம். அஃது உண்மையன்று. தொல்லை தராத ஞானப்பற்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றும் வழக்கம் ஒருகாலத்தில் மேல்நாடுகளில் பரவியிருந்தது. இங்கிலாந்தின் சுகாதார சேவைக்கு வழிகாட்டும் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, நோயில்லாத புதைந்த பல்லை வெறுமனே அகற்றுதல் கூடாது என நெறிப்படுத்தியது. முதன்முறை வரும் முரசழற்சி மிகக் கடுமையானதாயிருந்தாலன்றி அதுவும் அகற்றுவதற்குப் போதிய காரணமன்று; மீண்டும் மீண்டும் வந்தால் அகற்றலாம் என்பதும் அந்நெறியாகும். சூத்தை விழுந்து நிரப்ப முடியாத நிலை, சீழ்க்கட்டி, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி தோன்றுதல், முன்னுள்ள பல்லைக் கெடுத்தல் ஆகியனவும் அகற்றுவதற்குரிய காரணங்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னது கவனிக்கத்தக்கது. சாய்ந்து நிற்கும் ஞானப்பல்லுக்கும் நல்ல இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே உணவு தங்கி, நல்ல பல்லின் பின்புறத்தில் வலியின்றியே சூத்தை விழுகிறது. ஆகவே, அகற்றாது விட்ட பல்லையும் காலத்துக்குக் காலம் காட்டிக்கொள்ளல் வேண்டும். விட்டுவைத்தல் என்பது மறந்துவிடுதல் அன்று.

அகற்றுவதே தகுமெனத் தீர்மானித்தால் எக்ஸ்றே படம் எடுப்பர். கீழ்த்தாடையின் எலும்பினூடாக, கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று செல்கிறது. ஞானப்பல்லின் வேர் அதற்கு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதைப் படம் காட்டும். பின்னர் ஊசி மருந்தினால் அவ்விடத்தை விறைக்கச் செய்து, முரசைக் கீறி, வேண்டிய அளவு எலும்பை நீக்கி, பல்லைத் துண்டாக்கி எடுத்து, தையலிடுவர். பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பலாம். உதடு அல்லது நாக்கு சில வாரங்கள் மரத்திருப்பது சிலருக்கு நேரலாம். அது நிலைத்துவிடுவது அரிது. இதனை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டறிந்து சம்மதித்தல் நோயாளியின் உரிமை. நீரிழிவு, இருதய வால்வு நோய், குருதியை இளக்கும் மருந்து, எலும்புத் தேய்வுக்கான மருந்து, பெனிசிலின் ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லல் வேண்டும். இருதயத்துக்காக உட்கொள்ளும் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருதலும் ஆபத்தானது.

பல் பிடுங்கினால் கண் பார்வை குன்றும் என்னும் அச்சம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. பல்லின் உணர்ச்சி நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை குன்றுவதில்லை. நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வச்சத்துக்கும் ஒருவாறு காரணம் இருந்தது. விறைக்கும் மருந்தின்றிக் குறட்டினால் பிடுங்கிய காலம் அது. இன்று உலகெங்கும் வழங்கும் லிக்னோகெயின் என்னும் விறைப்பு மருந்தைச் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் லொஃப்கிரென் 1943 ஆம் ஆண்டளவில் ஆக்கினார். அதே 1943 ஆம் ஆண்டில்தான் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியக் கல்வியும் தொடங்கியது என்பது இனிய ஒற்றுமை. கொழும்பில் தொடங்கிய அக்கல்வி 1950களில் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்திய பீடத்தோடு இணைந்த பல் போதனா வைத்தியசாலை, 1990களில் ஜப்பானிய அரசின் உதவியுடன் எழுந்த கட்டடத்தில் இயங்குகிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளர் நாடி வரும் அவ்விடம், மடவளையிலுள்ள நமக்கோ கண்டியில் பஸ் மாறிச் சென்றடையும் தொலைவிலேயே இருக்கிறது. பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் முதலிற் காட்டினால், தேவையாயின் அவரே அங்கு அனுப்பிவைப்பார். அரசாங்க சேவையில் இச்சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே, பணமில்லை என்பதற்காகத் தெருவோரத்தில் பற்புழு எடுப்பவனிடம் வாயைத் திறக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

பல் எடுத்த பின்னரும் சில ஒழுங்குகள் உண்டு. வைத்த பஞ்சை அரை மணி நேரமேனும் அழுத்திக் கடித்திருத்தல் வேண்டும். முதல் 24 மணித்தியாலத்தில் கொப்புளிக்கவும், பலமாகத் துப்பவும், உறிஞ்சு குழாயால் குடிக்கவும் கூடாது. குழியில் உறைந்த குருதிக்கட்டியே புண்ணை மூடும் இயற்கையான மருந்து. அது பெயர்ந்துவிட்டால் மூன்றாம் நாளளவில், முன்னிருந்ததைவிடக் கொடிய வலி தோன்றும். அப்போது வைத்தியரிடம் மீண்டும் சென்றால் குழியைக் கழுவி மருந்திடுவார். புகை பிடிப்போருக்கு இது மிகுதி; ஆகவே புகையும் வெற்றிலையும் அறவே ஆகா. மறுநாள் முதல் உப்பு நீரால் மெதுவாகக் கொப்புளிக்கலாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாட்களில் மிகுந்து ஒரு வாரத்தில் வடியும். அதன் பின்னும் மிகுமாயின், அல்லது காய்ச்சல் கண்டால், மீண்டும் காட்டல் வேண்டும். கஞ்சி, குழைத்த சோறு, ஆறிய சூப்பு ஆகியன முதற் சில நாட்களுக்கு உகந்த உணவு.

இறுதியாக, பெற்றோருக்கும் என்போன்ற ஆசிரியருக்கும் உரிய கடமையைக் கூறி முடிக்கிறேன். நமது பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை சிறு பிள்ளைகளின் பற்களைப் பார்க்கிறது. ஏறத்தாழப் பதின்மூன்று வயதோடு அதன் எல்லை முடிகிறது. ஞானப்பல்லோ அதற்கு நாலைந்து ஆண்டுகள் கழித்தே எட்டிப் பார்க்கிறது. அதுவும், உயர்தரப் பரீட்சைக்குப் பிள்ளை இரவு பகலாகப் படிக்கும் காலத்தில். உறக்கமும் உணவும் ஒழுங்கு தவறி, பல் துலக்கவும் மறந்துபோகும் காலத்தில். யாருடைய கண்ணும் படாத இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் நாம். உயர்தர வகுப்பில் சேரும் பிள்ளையை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பரீட்சைக்கு ஓராண்டு முன்னதாகவே ஒருமுறை பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். திருமணம் நிச்சயமான பெண் பிள்ளைகளும், வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் இளைஞர்களும் அவ்வாறே காட்டிக்கொள்வது நன்று. கர்ப்ப காலத்தில் முரசு எளிதில் அழற்சியுறும். அந்நிய நாட்டிலோ பல்லுக்குச் செலவிடும் பணம் பெரிதாகும்.

அந்த மாணவன் பின்னர் பேராதனையிலேயே அப்பல்லை எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டுப் பரீட்சையில் நல்ல பேறுகளைப் பெற்றான். விடைபெற வந்தபோது அவன் என்மீது குறை ஏதும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல், கன்னத்தில் கை வைத்தபடி ஒரு பிள்ளை அமர்ந்திருக்கக் கண்டால், பரீட்சை முடியட்டும் என்று நான் சொல்வதில்லை. "நாளைக் காலையிலேயே உம்மாவுடன் வைத்தியசாலைக்குப் போய்விட்டு வா, மகன், பாடத்தை நான் பிறகு சொல்லித் தருகிறேன்" என்றே சொல்கிறேன்.